அப்பா யார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு

என் அப்பாவின் பெயர் எனக்குத் தெரிந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை பள்ளிச் சான்றிதழிலும் வாக்காளர் அட்டையிலும் ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் என் தாய்மாமாவின் பெயர்தான் இருந்தது. அம்மா கொடுத்த பெயர் அது. ஒருநாளும் அவள் அதற்கு விளக்கம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அம்மா அழுவாள் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துபோயிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என்னைப் போலவே இந்த அந்தமான் தீவுகளில் வளர்ந்த சிலர், நான் தேடுவது தெரிந்த பிறகு, தனியாக வந்து பேசினார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஒரு தப்புக் காரியத்துக்கு உதவி கேட்பதுபோல் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அம்மா ராமநாதபுரம் பக்கத்துக்காரி. சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து, போர்ட் பிளேரில் இறங்கியவள். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. அம்மா காலத்துப் பேச்சில் அது போர்ட் பிளேர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். அவள் சாலை வேலையில் மஸ்தூராக இருந்தாள். கல் உடைத்தாள், தார் சட்டி சுமந்தாள், ஜங்லிகாட்டில் ஒரு தகரக் கொட்டகையில் என்னை வளர்த்தாள். அப்பா பற்றி அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு தகவல்: “ஹார்பர் வேலைக்கு வந்தவரு. ஊருக்குப் போனவரு வரலை.”

அம்மா இருந்தவரை அது போதும் என்றிருந்தேன். அவள் போன பிறகு இரண்டு இடங்களில் முட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று, நெஞ்சுவலி என்று போனபோது டாக்டர் கேட்ட கேள்வி: “அப்பாவுக்கு ஹார்ட் பிராப்ளம், சுகர் ஏதாவது இருந்ததா?” பதில் இல்லை. இன்னொன்று, மகளுக்கு வரன் பேச வந்தவர்கள் இயல்பாகக் கேட்டது: “உங்களுக்குக் குலதெய்வம் எது?” குலதெய்வம் அப்பா வழியில் வருவது. அம்மாவின் குலதெய்வத்தைச் சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு மகள் என்னிடம் கேட்டாள், “அப்பா, தாத்தா பேரு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?” எனக்காகத் தேடத் துணியாதவன் அவளுக்காகத் தொடங்கினேன்.

ஏடு உள்ளவர்கள், ஏடு இல்லாதவர்கள்

அந்தமானில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்திறங்கினார். தண்டனைக் குடியிருப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. கைதியின் கழுத்தில் மரவில்லை ஒன்றைக் கட்டினார்கள். அவன் எண், தண்டனை பெற்ற சட்டப்பிரிவு, தண்டனைத் தேதி, விடுதலைத் தேதி எல்லாம் அதில் இருந்தன. பின்னாளில் நன்னடத்தைக் கைதிகள் பெண் கைதிகளைத் திருமணம் செய்துகொள்ள அரசே அனுமதி கொடுத்தது. மொழி, சாதி, மதம் கலந்த அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இங்கே ‘லோக்கல் பார்ன்’ என்று அறியப்படும் சமூகம். கொள்ளுத்தாத்தா கைதியாக வந்தவர் என்று தலைநிமிர்ந்து சொல்லும் குடும்பங்களோடு நான் படித்திருக்கிறேன், விளையாடியிருக்கிறேன். அவர்களில் சிலர் முன்னோரைத் தேடி டில்லி தேசிய ஆவணக் காப்பகம் வரை போவார்கள். ஜப்பானியர் பிடியில் தீவு இருந்த 1942–45 காலத்தில் இங்கிருந்த பல ஏடுகள் அழிந்தன. ஆனாலும் கைதிகள் பற்றிய கடிதப் போக்குவரத்து டில்லியில் ஏராளமாக மிஞ்சியிருக்கிறது.

ஏடு உள்ள இன்னொரு கூட்டமும் உண்டு. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவர்களிடம் குடும்ப அட்டை இருந்தது. அதில் யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதியிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியபோது அந்தக் காகிதங்களும் பல வீடுகளில் போயிருக்கும். இருந்தும் தாயகம் திரும்பியோர் என்ற முறையில் அரசிடம் அவர்களுக்கு ஒரு தடம் உண்டு.

என் அப்பாவைப் போலச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக் கூலி வேலைக்கு வந்தவனுக்கு அப்படி எதுவும் இல்லை. கங்காணி கூப்பிட்டான், வந்தான். வேலை முடிந்தது, போனான். ஒப்பந்தக்காரரின் மஸ்டர் ரோல் நோட்டை ஐம்பது வருடம் யார் வைத்திருப்பார்கள்? குற்றவாளி என்று அரசு கொண்டுவந்தவனுக்கு ஏடு இருக்கிறது, உழைக்க வந்தவனுக்கு இல்லை. ஆகவே எங்களைப் போன்றவர்கள் தேட வேண்டிய ஆவணக் காப்பகம் வயதானவர்களின் நினைவுதான். அந்தக் காப்பகம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது.

எனக்கு அது திறந்தது டெலானிப்பூரில் இருந்த ஒரு பெரியம்மா வழியாக. அம்மாவோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவர். கண் பார்வை மங்கிவிட்டது. என் குரலை வைத்தே கண்டுபிடித்து, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் கேட்டதும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“உங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாப்பா. அவ போயிட்டா. இனி அந்தச் சத்தியம் யாருக்கு? உங்கப்பன் கெட்டவன் இல்லய்யா. பயந்தவன். ஊர்ல பொண்டாட்டி இருந்தா. அத மறைச்சுட்டான். தெரிஞ்ச அன்னைக்கே உங்கம்மா, போயிருன்னு சொல்லிட்டா. நீ வயித்துல இருந்தது அவனுக்குத் தெரியுமான்னு எனக்கே தெரியாது.”

பெயரைச் சொன்னார். தாலுகாவைச் சொன்னார். ஊர்ப் பெயர் நினைவில்லை, ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்மாயும் அய்யனார் கோயிலும் உண்டு என்று அவன் அடிக்கடி சொல்வான் என்றார். போகச் சொன்னது அம்மா என்பது எனக்குப் புதிய செய்தி. கைவிடப்பட்டவள் என்றே அவளை நான் நினைத்திருந்தேன். அவள் ஒரு முடிவெடுத்து, அதன் பாரத்தைச் சாகும்வரை தானே சுமந்தவள்.

மூக்கும் முழியும் போதாது

பெயர் கிடைத்தால் போதுமா? அந்தத் தாலுகாவில் அதே பெயரில் எத்தனை பேர்! அங்கேதான் மரபணுச் சோதனை வந்தது. இதைப் பற்றிப் பலருக்கும் தெளிவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் இரத்த வகையை வைத்து ‘இவன் தகப்பன் இல்லை’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். ‘இவன்தான் தகப்பன்’ என்று சொல்ல வழியில்லை. 1984-இல் பிரிட்டனில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங், கட்டுவிரியன் வகைப் பாம்பு ஒன்றின் மரபணுவிலிருந்து எடுத்த துணுக்கைக் கொண்டு சொந்தமாகவே ஒரு முறையை உருவாக்கினார். 1980களின் இறுதியில் கேரளத்தின் தலசேரி நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டாள் ஒரு தாய். பிள்ளை தன்னுடையது அல்ல என்றான் அந்த ஆள். லால்ஜி சிங்கின் சோதனை அவன்தான் தகப்பன் என்றது. 1991-இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் தந்தைமையை மரபணு கொண்டு நிறுவிய முதல் வழக்கு அது. மானத்துக்கு அஞ்சி வாய்மூடியிருக்காமல் கோர்ட் படியேறிய அந்தத் தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அதே ஆய்வகத்துக்கும் எங்கள் தீவுகளுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. குமாரசாமி தங்கராஜும் லால்ஜி சிங்கும் மற்றவர்களும் ஓங்கே, பெரிய அந்தமானியர் ஆகிய பழங்குடிகளின் மரபணுவை ஆராய்ந்து 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் புறப்பட்ட மனிதர்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. ஒரு துளி இரத்தம் அத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டனைக் காட்டும் என்றால், ஒரு தலைமுறைக்கு முந்தைய அப்பனைக் காட்டாதா?

காட்டும். ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவோடு நமக்குப் பாதி மரபணு பொது. அப்பாவின் உடன்பிறந்தாரோடும், ஒரே அப்பாவின் வேறு தாய்ப் பிள்ளைகளோடும் ஏறக்குறைய கால் பங்கு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்கு அளவுக்கு. வெளிநாட்டு நிறுவனங்கள் எச்சிலை வாங்கி, தங்களிடம் உள்ள லட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டு உறவினர் பட்டியல் தருகின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எத்தனையோ பேர் அப்படி அப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்தப் பட்டியல்களில் மிகக் குறைவு. இன்னொரு சிக்கலும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள் நாம். தூரத்து உறவுகூடக் கணக்கில் நெருங்கிய உறவு மாதிரி தெரியும். எனக்கு வந்த பட்டியலில் ஒரு சொந்தம் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்து, விசாரித்தால் எங்கேயோ போய் நின்றது. அந்தப் பட்டியலை மட்டும் நம்பி யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். இந்த நிறுவனங்களிடம் தரும் தகவலின் பாதுகாப்பையும் யோசியுங்கள். 2023-இல் அமெரிக்காவின் ‘23அண்ட்மீ’ நிறுவனத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது.

எனக்கு வழி கிடைத்தது பெரியம்மா சொன்ன கண்மாயும் அய்யனார் கோயிலும் வைத்துத்தான். ராமநாதபுரத்தில் இருக்கும் அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் பொறுமையாக விசாரித்தார். அந்தமானுக்குப் போய்த் திரும்பிய அந்தப் பெயர்க்காரர் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. மாரடைப்பு. தம்பி உயிரோடு இருந்தார்.

அப்பா உயிரோடு இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஆண்பிள்ளைக்கு ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அப்பாவுக்கு அவர் அப்பாவிடமிருந்து. ஆக அப்பாவும் சித்தப்பாவும் நானும் சுமப்பது ஏறக்குறைய ஒரே ஒய். சித்தப்பாவோடு ஒப்பிட்டாலே ஒரே ஆண் வழியா என்று தெரிந்துவிடும். ஆனால் அண்ணன் பிள்ளையா, தம்பி பிள்ளையா, பங்காளி பிள்ளையா என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அதனால் மற்ற குரோமோசோம்களையும் சேர்த்துப் பார்க்கும் உறவுச் சோதனையும் வேண்டும். பெண்களுக்கு ஒய் கிடையாது. அவர்கள் அந்த உறவுச் சோதனையைத்தான் நம்ப வேண்டும், அப்பாவின் உடன்பிறந்தாரோ பிள்ளைகளோ ஒருவர் முன்வர வேண்டும்.

சித்தப்பாவோடு போனில் பேசினேன். என்ன சொல்வது என்று எழுதி வைத்திருந்த எதையும் நான் படிக்க வேண்டி வரவில்லை. “நீ எங்கண்ணன் பிள்ளையான்னு எனக்குத் தெரியணும்ப்பா. எனக்கும் வயசாச்சு. தெரியாமப் போயிறக் கூடாது” என்றார். கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சி தேய்த்துக் கொடுத்தார். இரண்டு சோதனைகளின் முடிவும் ஒன்றையே சொன்னது. அதைப் படித்துக் காட்டியபோது அவர் என்னை முதல்முறையாக “மகனே” என்றார்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

தேடுபவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டில்லியில் ரோஹித் சேகர் என்ற இளைஞர், முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிதான் தன் தந்தை என்று 2008-இல் உயர் நீதிமன்றம் போனார். திவாரி இரத்தம் கொடுக்க நெடுநாள் மறுத்தார். நீதிமன்றம் விடவில்லை. 2012 ஜூலையில் வெளியான முடிவு ரோஹித் சொன்னதை மெய்ப்பித்தது. 2014-இல் திவாரி அவரை மகன் என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

எல்லோருக்கும் அந்த வழி திறக்காது. தாய் ஒருவரோடு சட்டப்படி மணமாகி வாழ்ந்த காலத்தில் பிள்ளை பிறந்திருந்தால், கணவரையே தந்தையாகச் சட்டம் கொள்கிறது. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 112-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 116-ஆவது பிரிவு. தம்பதி சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்க முடியும். மரபணுச் சோதனையைக் கேட்டவுடன் உத்தரவிடக் கூடாது என்று 1993-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில், தந்தை என்று சொல்லப்படுபவரின் அந்தரங்க உரிமையையும் எடைபோட்டு, சோதனை வேண்டாம் என்றது. திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கண்ணில் தாய்க்கு மட்டுமே உறவு. சொத்து நினைப்போடு தேடத் தொடங்குபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் தீவுகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. அதன் சர்க்யூட் பெஞ்ச் போர்ட் பிளேரிலேயே இருக்கிறது. வக்கீலைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. மணமாகாத தாய், தந்தை பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். என் அம்மா காலத்தில் இது இருந்திருந்தால் அண்ணன் பெயரைக் கடன் வாங்கியிருக்க மாட்டாள். அந்த 2015 தீர்ப்பில், பிள்ளைக்குத் தன் பெற்றோர் யாரென்று தெரிந்துகொள்ளும் உரிமை இருப்பதையும் நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கிறது. தாயின் மௌனத்துக்கும் மரியாதை வேண்டும், பிள்ளையின் கேள்விக்கும் பதில் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

தெரிந்துகொள்வது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை எல்லோருக்கும் தெரியும். அவனுடைய அடுத்த பிறவியைப் பலர் கவனிப்பதில்லை. சாவக நாட்டில் புண்ணியராசனாக அரசாளும்போதுதான், பூமிச்சந்திரன் தன்னைப் பெற்ற தகப்பன் அல்ல, வளர்த்தவன் என்று அவனுக்குத் தெரிகிறது. வளர்த்த தாய் அமரசுந்தரியிடமே கேட்டு உறுதிசெய்துகொள்கிறான். பிறகு கடல் கடந்து மணிபல்லவத் தீவுக்குப் போய்த் தன் முற்பிறப்பை அறிகிறான். கேட்டது பாவம் என்று காப்பியம் பாடிய சாத்தனார் எங்கும் சொல்லவில்லை. அறிந்த பிறகு அவன் யார் மேலும் வழக்குத் தொடுக்கவில்லை. திரும்பிப் போய் நாட்டைக் காக்கும்படி மணிமேகலை அவனுக்குச் சொல்கிறாள். தன் பிறப்பை அறிவதைக் கடல் தாண்டியும் தேட வேண்டிய பெரிய காரியமாக நம் காப்பியமே மதித்திருக்கிறது.

நான் இன்னும் அந்த ஊருக்குப் போகவில்லை. சித்தப்பா மகன் என்னிடம் நேர்மையாகப் பேசினான். “அண்ணே, உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா பெரியம்மா இருக்காங்க. இந்த வயசுல அவங்களுக்கு இது தெரிய வேணாம்ணே.” அவன் சொன்னது என் அப்பாவின் மனைவியை. எண்பதை நெருங்கும் அந்த அம்மாள் எந்தத் தப்பும் செய்யாதவர், என் அம்மாவைப் போலவே ஏமாற்றப்பட்டவர். அப்பாவின் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு முழுசாக உண்டு. அவர் வாசலில் போய் நின்று அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. உறவு என்பது இரு பக்கமும் கை நீட்டினால்தான் கூடும். சித்தப்பா நீட்டினார், பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் நீட்டும்வரை காத்திருப்பேன். நீட்டாவிட்டாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. தேடப் புறப்படும் ஒவ்வொருவரும் இந்த எல்லையை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் போனால் தேடல் யாரையும் உடைக்காது.

எனக்குக் கிடைத்தவை இவை: ஒரு பெயர். சித்தப்பாவின் பேரன் போனில் அனுப்பிய ஒரு மங்கலான புகைப்படம். மாரடைப்பு எங்கள் வழியில் இருக்கிறது என்ற தகவல், அதை டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொண்டேன். குலதெய்வம் எந்த அய்யனார் என்று மகளுக்குச் சொல்ல ஒரு பதில். அம்மாவைப் பற்றி நான் அறியாதிருந்த ஒரு பெருமை. இவற்றில் எதுவும் யாரிடமிருந்தும் பிடுங்கியது அல்ல.

கடைசியாக, தேடுகிறவர்களுக்கு அல்ல, தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேடோவிலும் டைரி ஃபார்மிலும் கச்சாலிலும் ராமநாதபுரத்திலும் இருக்கும் பெரியவர்களே, யாரோ ஒருவரின் அப்பா யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். குடும்ப மானம் என்றும் கொடுத்த சத்தியம் என்றும் அதை உள்ளேயே வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாய் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், அவரையே சொல்லவிடுங்கள். அவர் இல்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள். பெயர், ஊர், தாலுகா, என்ன வேலை பார்த்தார், எந்த வருடம் வந்தார், என்ன நோய் இருந்தது, இவ்வளவு போதும். வாயால் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி அந்தப் பிள்ளை கையில் சேருங்கள். பிள்ளைக்கு அறுபது வயது ஆகியிருந்தாலும் கொடுங்கள். பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். தெரியாமலே அவர் சாகும்படி விட்டுவிடாதீர்கள்.